சமூக நீர்வளத் திட்டம்: பெங்களூர் நகரின் அநுபவம் தரும் பாடங்கள்

2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெங்களூர் நகரின் பல பகுதிகளில் குடிநீருக்குப் பெருந் தட்டுப்பாடு ஏற்பட்டது. முந்திய ஆண்டில் பருவமழை பொய்த்திருந்தது. கர்நாடகத்தின் 236 தாலுகாக்களில் 223 தாலுகாக்கள் வறட்சியுற்றவையென அறிவிக்கப்பட்டிருந்தன. நகரில் அரசாங்கக் கணக்கிலிருந்த ஏறக்குறைய 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் சுமார் 6,900 கிணறுகள் வற்றிவிட்டன. ஆற்று நீர்க் குழாய் எட்டாத புறநகர்ப் பகுதிகளில் மக்கள் தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் குடங்களுடன் காத்து நின்றனர். குடிநீரைக் கொண்டு வண்டி கழுவுதல், தோட்டத்திற்குப் பாய்ச்சுதல் முதலியவற்றிற்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்கப்படுமென நகரக் குடிநீர் வாரியம் அறிவித்தது.

ஆண்டுக்குச் சராசரி 970 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஓர் ஊரில் இந்நிலை ஏற்படுவானேன்? இவ்வினாவிற்கு விடை காணுதல் பெங்களூருக்கு மட்டுமன்றி, வளர்ந்துவரும் ஒவ்வொரு நகருக்கும் பேரூருக்கும் பயன் தருவதாகும். கிராமங்களில் பணிபுரியும் கள ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் தத்தம் ஊரின் நீர் நிலையை ஆராய்வதற்கு இந்நகரின் வரலாறு ஒரு நல்ல பாடமாக அமைகிறது.

நிலத்தின் அமைப்பு

பெங்களூர் கடல் மட்டத்திற்குமேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு முகட்டின்மீது அமைந்துள்ளது. பேராறு எதுவும் நகரினூடே ஓடவில்லை. முகட்டின் மேற்கே வீழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி ஆகியவற்றின் வழியாகக் காவிரியை அடைகிறது. கிழக்கே வீழும் மழை ஹெப்பாள் பள்ளத்தாக்கு, கோரமங்கலம்-சல்லகட்டாப் பள்ளத்தாக்கு ஆகியவற்றின் வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. ஆதலின் பெங்களூரின் நீர் நிர்வாகம், நன்றாயினும் தீதாயினும், அதன் பயன் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளும் வந்து சேர்கிறது.

நகரின் அடியிலுள்ள பாறை கருங்கல்லும் நைஸ் என்னும் பட்டைப் பாறையும் ஆகும். இத்தகைய கடும்பாறையில் ஆற்றுமணலில் இருப்பதுபோல் நீர் எங்கும் பரவி நிற்பதில்லை. மேலே சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரை சிதைந்த பாறையும் மண்ணும் கலந்த அடுக்கு ஒன்று உள்ளது. அது கடற்பஞ்சு போன்று மழைநீரை ஏற்று நிற்கும். அதற்குக் கீழே பாறையின் வெடிப்புகளில் மட்டுமே நீர் தங்கும். மேலடுக்கு ஒரு நல்ல மழைக்காலத்தில் நிரம்பிவிடக் கூடும். ஆழத்து வெடிப்புகளில் உள்ள நீரோ மெல்ல மெல்ல, பல ஆண்டுகளாகச் சேர்ந்ததாகும். இவ்விரண்டிற்குமுள்ள வேற்றுமையை உணராமையே நிலத்தடி நீரைப் பற்றிய பிழைகள் பலவற்றிற்கும் காரணமாகும்.

ஏரியிலிருந்து ஆற்றுக்கு

ஆறில்லாத இம்மேட்டு நிலத்தில் குடியேறிய முன்னோர், பள்ளத்தாக்குகளில் கரையெழுப்பி ஏரிகளை அமைத்தனர். 16ஆம் நூற்றாண்டில் நகரை நிறுவிய கெம்பெ கௌடர் காலத்திலும் அதன் பின்னரும் தர்மாம்புதி, கெம்பாம்புதி, சம்பங்கி முதலிய ஏரிகள் ஊருக்கு நீர் தந்தன. ஓர் ஏரி நிரம்பிய பின் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரியைச் சென்றடையும். இவ்வாறு ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்திருந்தன. ஏரியின் மதகைத் திறந்து மூடவும், நீரைப் பங்கிட்டு விடவும் நீர்கண்டி எனப்படும் ஊர்ப் பணியாளர் இருந்தனர். தமிழ்நாட்டில் நீர்க்கட்டி, மடைக்காரர் என்றெல்லாம் வழங்கப்படுவோரும் இத்தகையோரே.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகரம் பெருகவே, குழாய் நீர் வேண்டியதாயிற்று. 1896இல் அர்க்காவதியின் மேலுள்ள ஹெசரகட்டா ஏரியிலிருந்து நீர் கொணரப்பட்டது. அதுவும் போதாமற்போகவே, 1933இல் அர்க்காவதியும் குமுதவதியும் கூடுமிடத்தில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. குழாய் நீர் வந்தபின் நகருள்ளிருந்த ஏரிகள் தேவையற்றவை எனக் கருதப்பட்டன. தர்மாம்புதி ஏரியிருந்த இடத்தில் பேருந்து நிலையமும், சம்பங்கி ஏரியிருந்த இடத்தில் விளையாட்டரங்கமும் எழுந்தன.

1951இல் சுமார் 7.8 லட்சமாக இருந்த மக்கள் தொகை 2011இல் சுமார் 84 லட்சமாயிற்று. 1964இல் குடிநீர், கழிவுநீர் வாரியம் நிறுவப்பட்டது. 1974இல் காவிரித் திட்டத்தின் முதற் கட்டம் நிறைவேறிற்று. அதன் பின்னர் 1982, 1993, 2002, 2012 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்த கட்டங்கள் முடிவுற்று, நாளொன்றுக்குச் சுமார் 145 கோடி லிட்டர் நீர் கிடைத்தது. 2024 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ஐந்தாம் கட்டம், 2007இல் நகருடன் இணைக்கப்பெற்ற 110 கிராமங்களை முன்னிட்டு, மேலும் 77.5 கோடி லிட்டர் தருவதற்காக அமைக்கப்பட்டதாகும்.

இதற்கிடையில் பழைய அர்க்காவதியின் கதி என்ன? திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்திற்கு வரும் நீர் ஆண்டுக்காண்டு குறைந்தது. வந்த நீரும் மாசுபட்டது. 2012 அளவில் அங்கிருந்து நகருக்கு நீர் எடுப்பது நின்றது. மழை குறைந்ததே இதற்குக் காரணமெனப் பலர் எண்ணினர். ஆனால் ஆற்றுப் படுகையை ஆராய்ந்தவர்கள் மழையளவில் பெரு மாறுதல் எதையும் காணவில்லை. நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தமை, யூகலிப்டஸ் தோப்புகள் பரவியமை, ஓடைகள் பல இடங்களில் தடுக்கப்பட்டமை ஆகியவையே முதன்மையான காரணங்களாகக் காணப்பட்டன. ஓர் ஆறு வற்றுவதற்கு வானம் மட்டுமே பொறுப்பன்று என்பது இதனால் விளங்கும்.

தொலைவிலிருந்து வரும் நீரின் விலை

காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு நகரை அடைகிறது. இதற்காகும் மின்சக்தியை உயர்நிலைப் பள்ளி மாணவரும் கணக்கிடலாம். ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர் நீரின் எடை 1,000 கிலோகிராம். அதனை 500 மீட்டர் உயர்த்துவதற்குச் செய்யவேண்டிய வேலை 1,000 × 9.8 × 500 = 49 லட்சம் ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூலுக்குச் சமம். எனவே ஏறக்குறைய 1.36 யூனிட் வேண்டும். பம்பு, மோட்டார், குழாய் உராய்வு இவற்றில் நேரும் இழப்பையும் சேர்த்தால் 1,000 லிட்டருக்குச் சுமார் 2 யூனிட் ஆகும். ஐந்து கட்டங்களும் முழு அளவில் இயங்குமாயின், நாள்தோறும் 40 லட்சம் யூனிட்டுக்கு மேல் செலவாகும் என்பது இக்கணக்கின் முடிபு. குழாய்க் கசிவில் வீணாகும் ஒவ்வொரு லிட்டரும் இம்மலையேற்றத்தின் செலவைத் தாங்கி வந்ததேயாகும்.

பணச் செலவைவிடப் பெரிதான கேள்வியும் ஒன்றுண்டு. காவிரி பல மாநிலங்களுக்குப் பொதுவான ஆறு. 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், கர்நாடகத்திற்குக் கூடுதலாக 14.75 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் ஒதுக்கப்பட்டது. அதில் 4.75 பங்கு பெங்களூரின் குடிநீருக்கு என வகுக்கப்பட்டது. அதற்கேற்பத் தமிழ்நாட்டின் எல்லையில் தரவேண்டிய நீர் 192 என்பதிலிருந்து 177.25 ஆயிரம் மில்லியன் கன அடியாகக் குறைந்தது. மேலேயுள்ள நகரின் குடமும் கீழேயுள்ள கழனியின் வாய்க்காலும் ஒரே கணக்கில் எழுதப்படுகின்றன. ஆகவே, நகரம் தன் எல்லைக்குள் வீழும் நீரை எவ்வளவு நன்கு பயன்படுத்துகிறதோ அவ்வளவுக்கு மற்றவர் பங்கின்மீதுள்ள அழுத்தம் குறையும்.

நான்கு வகை நீர்

ஓர் ஊருக்குரிய நீரை நான்கு வகையாகப் பிரித்துக் கணக்கிடுதல் வேண்டும். அவையாவன: மழை நீர், நிலத்தடி நீர், வெளியிலிருந்து கொணரும் நீர், பயன்படுத்திய பின் வெளிவரும் கழிவு நீர். பெரும்பாலான ஊர்களில் மூன்றாவது ஒன்றே திட்டத்தில் இடம்பெறுகிறது.

பெங்களூரின் பரப்பை 700 சதுர கிலோமீட்டர் எனக் கொண்டால், 970 மில்லிமீட்டர் மழையினால் ஆண்டுக்கு 67.9 கோடி கன மீட்டர் நீர் வீழ்கிறது. நாட்கணக்கில் இது ஏறத்தாழ 186 கோடி லிட்டராகும். ஐந்து கட்டக் காவிரி நீர் 222.5 கோடி லிட்டர். இனி, பயன்படுத்திய நீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராகும் எனப் பொறியாளர் கொள்வர். அதன்படி காவிரி நீரிலிருந்து மட்டும் சுமார் 178 கோடி லிட்டர் கழிவுநீர் நாள்தோறும் தோன்றும். மழை முழுவதையும் பிடிக்க இயலாது. ஆவியாவதும், மரஞ்செடிகள் ஏற்பதும், ஓடி மறைவதும் உண்டு. ஆயினும் மூன்று தொகைகளும் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருப்பது கருதத்தக்கது. ஒன்றை மட்டும் நம்பி மற்ற இரண்டையும் சாக்கடையில் விடும் ஊர் வறண்ட ஆண்டில் துன்புறுவது இயல்பே.

கூரை மழை

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் பெங்களூரின் சராசரி மழையால் 97,000 லிட்டர் வீழும். சிதறலும் முதல் மழையைக் கழித்தலும் போக 80 சதவீதம் கிடைக்குமாயின், அது 77,600 லிட்டர். ஆளொன்றுக்கு நாள்தோறும் 135 லிட்டர் என்ற நகர அளவுப்படி ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 675 லிட்டர் வேண்டும். ஆகவே கூரை மழை 115 நாள் தேவைக்குச் சமமாகும். அதே கூரையின்கீழ் நான்கு மாடிகளில் நான்கு குடும்பங்கள் வாழ்ந்தால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 29 நாள் நீரே. கூரை மழை பெரிதும் துணை செய்யும். ஆனால் நெருக்கமான நகரின் தேவை முழுவதையும் அது மட்டுமே தீர்க்காது என்பதை மக்களுக்கு மறைக்காமற் கூறுதல் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பெங்களூரில் 2009இல் குடிநீர் வாரியச் சட்டம் திருத்தப்பட்டு, 2,400 சதுர அடி மனையிலுள்ள பழைய கட்டடங்களுக்கும், 1,200 சதுர அடி மனையில் எழும் புதிய கட்டடங்களுக்கும் இது கட்டாயமாயிற்று. சட்டத்திற்காகக் குழாய் பொருத்திவிட்டுப் பின் வடிகட்டியைத் துப்புரவு செய்யாமல் விடுவது எங்கும் காணப்படும் குறையாகும். கள ஊழியர் வீட்டுக்குச் செல்லும்போது குழாய் இருக்கிறதா என்று மட்டும் பாராமல், சென்ற மழையில் அதன் வழியே நீர் வந்ததா எனக் கேட்டறிதல் நலம்.

உறிஞ்சு கிணறு

நகரின் ஆழ்துளைக் கிணறுகள் பல இடங்களில் 300 மீட்டருக்கும் அப்பால் சென்றுவிட்டன. ஆழம் கூடுந்தோறும் செலவு கூடுகிறது. நீர் கிடைக்கும் உறுதியோ குறைகிறது. இதற்கு மாறாக, மேலடுக்கை மழைநீரால் நிரப்பும் முறை மீண்டும் கைக்கொள்ளப்பட்டு வருகிறது. பெங்களூரின் சுற்றுப்புறத்தில் மண்ணு வட்டர் எனப்படும் கிணறு வெட்டும் தொழிலாளர் வழிவழியாக வாழ்கின்றனர். ஆழ்துளை இயந்திரம் வந்தபின் இவர்கள் தொழில் நலிந்தது. நகரில் பத்து லட்சம் உறிஞ்சு கிணறுகள் தோண்டவேண்டும் என்ற இயக்கம் எழுந்தபின், அவர்களுக்கு மறுபடியும் வேலை கிடைத்தது. கப்பன் பூங்காவிலிருந்த பாழ்பட்ட பழங்கிணறுகள் அவர்கள் கையாலேயே தூர் வாரப்பட்டு மீண்டும் நீர் தந்தன.

ஒரு மீட்டர் விட்டமும் 6 மீட்டர் ஆழமும் கொண்டு, சிமெண்ட் உறைகள் இறக்கிய ஒரு கிணற்றில் சுமார் 4,700 லிட்டர் நீர் கொள்ளும். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் கனமழை பெய்தால் வருவது ஏறத்தாழ 4,000 லிட்டர். ஆகவே ஒரு வீட்டிற்கு ஒரு கிணறு, ஒரு பெருமழையை முழுதும் ஏற்கும். ஆனால் பின்வரும் எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. முதல் மழையின் அழுக்கு நீர் உள்ளே செல்லலாகாது. சாக்கடையும் தெருக் கழிவும் கலத்தலாகாது. மலக்குழியிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாத தொலைவு வேண்டும். கிணற்றின் வாய் உறுதியான மூடியால் மூடப்படவேண்டும். களிமண் அடுக்கிலேயே கிணறு நின்றுவிட்டால் நீர் இறங்காது. சிதைந்த பாறை அடுக்கு வரையிலும் செல்ல வேண்டும்.

கழிவு நீர்: இரு எடுத்துக்காட்டுகள்

கழிவுநீரைச் சுத்திகரியாது விட்டதன் கேட்டை பெல்லந்தூர் ஏரி காட்டிற்று. அவ்வேரி நுரை பொங்கி வழிந்ததும், 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் அங்குத் தீப்பற்றியதும் நாடறிந்த செய்திகளாகும். அந்நீரே கீழே கெலவரப்பள்ளி அணைக்கும் நுரையுடன் சென்றது.

நகரின் வடக்கேயுள்ள ஜக்கூர் ஏரியில் வேறொரு முறை கையாளப்பட்டது. சுமார் 160 ஏக்கர் பரப்புள்ள அவ்வேரிக்கு மேற்புறத்தில், நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையம் அமைக்கப்பட்டது. அங்கிருந்து வெளிவரும் நீர் நேரே ஏரிக்குள் விடப்படுவதில்லை. கோரையும் நீர்ச்செடிகளும் வளர்ந்த சதுப்பு நிலத்தில் மெதுவாகச் செல்லுமாறு செய்யப்படுகிறது. அவ்விடத்தில் வண்டல் படிகிறது. செடிகளும் நுண்ணுயிர்களும் நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கின்றன. இவ்வாறு ஏரி ஆண்டு முழுதும் நீருடன் நிற்பதால் சுற்றுப்புறக் கிணறுகளும் ஊறுகின்றன. மீன்பிடிப்போருக்கும் பிழைப்பு உண்டாகிறது. சதுப்பில் மிகுந்து வளரும் செடிகளைக் காலந்தோறும் அறுத்து அகற்றாவிடில் அவை அழுகி, ஏற்ற சத்தை மீண்டும் நீருக்கே தந்துவிடும். பராமரிப்பின்றி இம்முறை நிலைக்காது.

இரண்டாவது எடுத்துக்காட்டு கோலார் ஜில்லா. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத அப்பகுதியில் ஏரிகள் மட்டும் ஏராளம். நிலத்தடி நீரோ மிகத் தாழ்ந்து, பல இடங்களில் புளூரைடு மிகுந்து காணப்பட்டது. கோரமங்கலம்-சல்லகட்டாப் பள்ளத்தாக்கில் சுத்திகரித்த கழிவுநீரை நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை கோலார்ப் பகுதி ஏரிகளுக்கு ஏற்றும் திட்டம் 2018 ஜூனில் இயங்கத் தொடங்கிற்று. அடுத்த மாதமே ஏரியில் நுரை தோன்றியது. விவசாயிகள் அஞ்சினர், நீர் விடுவது சிறிது காலம் நிறுத்தப்பட்டது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பின்னர் நீர் தொடர்ந்து செல்லவே, வறண்டிருந்த ஏரிகள் நிரம்பின. பல கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது. எனினும் அந்நீர் இரண்டாம் படிச் சுத்திகரிப்பு மட்டுமே பெற்றதாகும். மூன்றாம் படியும் வேண்டுமென்ற கோரிக்கை அம்மக்களிடையே ஓயவில்லை. நகரம் விடும் நீரை ஏற்கும் கிராமத்தார்க்கு அந்நீரின் தரத்தை அறியும் உரிமை உண்டு. சோதனை முடிவுகளை ஏரிக் கரையிலேயே, அவர்கள் மொழியில் எழுதி வைப்பது திட்டத்தின் ஒரு பகுதியாகவே கருதப்படவேண்டும்.

திட்டமிடும் முறை

கள ஊழியர் ஓர் ஊருக்கு நீர்த் திட்டம் வகுக்குங்கால் பின்வரும் படிகளை வரிசையாகக் கைக்கொள்ளலாம்.

1. ஊரின் மேடு பள்ளங்களையும், ஓடை, ஏரி, கலங்கல், கால்வாய் ஆகியவற்றையும் காட்டும் படம் வரைதல். முதியோரைக் கேட்டு, மறைந்துபோன நீர்நிலைகளையும் அதில் குறித்தல்.

2. குறைந்தது பத்துக் கிணறுகளில் ஆண்டுக்கு இருமுறை, கோடையின் இறுதியிலும் மழைக்காலத்தின் இறுதியிலும், நீர்மட்டத்தை அளந்து எழுதுதல். இரு அளவுகளுக்குமுள்ள வேற்றுமையே அவ்வாண்டு நிலம் ஏற்ற நீரின் அறிகுறியாகும்.

3. நான்கு வகை நீருக்கும் தனித்தனியே ஆண்டுக் கணக்கு எழுதுதல். சராசரி ஆண்டுக்கு ஒன்றும், மழை குன்றிய ஆண்டுக்கு மற்றொன்றும் வேண்டும். சராசரியை மட்டும் நம்பிய திட்டம் 2023 போன்ற ஆண்டில் உடைந்துவிடும்.

4. கசிவை அளத்தல். பின்னிரவு 2 மணி முதல் 4 மணி வரை மக்கள் நீர் எடுப்பது மிகக் குறைவு. அந்நேரத்தில் மேனிலைத் தொட்டியின் மட்டம் இறங்குமாயின், அதன் பெரும்பகுதி கசிவேயாகும்.

5. பயனுக்கேற்பத் தரம் பிரித்தல். குடிப்பதற்கும் சமையலுக்கும் தூய நீர். கட்டட வேலை, தோட்டம், கழிவறை ஆகியவற்றிற்குச் சுத்திகரித்த நீர்.

6. பொறுப்பை வரையறுத்தல். மதகைத் திறப்பவர் யார், வடிகட்டியைக் கழுவுபவர் யார், அவருக்கு ஊதியம் தருபவர் யார் என்பவை எழுத்தில் இருத்தல் வேண்டும். நீர்கண்டியின் பதவி ஒழிந்தபின் அவர் வேலையை எவரும் ஏற்காமையால் பாழான ஏரிகள் பல.

ஆசிரியர்கட்கு

பள்ளியில் நேரான பக்கங்களையுடைய பாத்திரமொன்றைத் திறந்த வெளியில் வைத்து, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அதிலுள்ள நீரின் உயரத்தை மாணவர் அளவுகோலால் அளந்து குறிக்கலாம். பள்ளிக் கூரையின் நீள அகலத்தை அளந்து, அம்மழையால் எத்தனை லிட்டர் வீழ்ந்தது எனக் கணக்கிடச் செய்க. பள்ளியில் நாள்தோறும் செலவாகும் நீரையும் குடக்கணக்கில் அளந்து இரண்டையும் ஒப்பிடச் செய்க. ஒழுகும் குழாய் ஒன்றின்கீழ் ஒரு மணி நேரம் பாத்திரம் வைத்து, கிடைத்த நீரை 24ஆல் பெருக்கினால் ஒரு நாளைய இழப்பு தெரியவரும்.

சென்ற ஆண்டின் கணக்கையும் இவ்வாண்டின் கணக்கையும் ஒரே குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்தால் அவ்வூரைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத ஓர் ஆவணம் பள்ளியிடம் இருக்கும். அடுத்த வறட்சி வரும்போது எந்தக் கிணறு முதலில் வற்றும், எந்தத் தெருவுக்கு முதலில் நீர் அனுப்பவேண்டும் என்பதை அக்குறிப்பேட்டைக் கொண்டே ஊரார் முன்கூட்டி அறியலாம்.